விரால் குழம்பில் கிடந்த கரித்துண்டு குறித்து

கீழப்பழுவூர் அருகிலிருந்து,
சனிக்கிழமை காலை.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சம்பந்தி ராஜராஜன் அவர்களின் சமூகத்துக்கு, அய்யாக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சம்பூர்ணமும் மாடு கன்றுகளும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷும் எங்கள் மகள் வினோதினியும் நலமா என்று கேட்பது கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற மரியாதை. நான் மரியாதைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அதிலும் முக்கியமாகத் தங்களைப் பற்றிக் கேட்கிறேன். இதைத் தாங்களே தங்கள் கையால் பிரித்து, தங்கள் கண்ணால் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் எனக்குப் பாதி பயம் தெளிந்த மாதிரி. வேறு யாராவது தங்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தால், படிக்கிற புண்ணியவானே, இதற்கு மேல் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று சபையில் தாங்கள்தான் சொன்னீர்கள், "வாய்ப்பேச்சு எனக்கு ஒத்துவராதுங்க, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்தவர் அப்படித்தான் சொல்வீர்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், தாங்கள் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முந்திரிக் கொட்டகையில் நடமாடிக்கொண்டே பேசுவீர்கள். போன மாதம் என் மலச்சிக்கலைப் பற்றித் தங்களிடம் தனியாக ஒரு யோசனை கேட்டதற்கு, பின்னாலிருந்து முந்திரி உடைக்கிற ஒரு பெண் "பப்பாளிப்பழம் திங்கச் சொல்லுங்க" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் இப்போது எழுதப் போகிற விஷயம் பப்பாளிப்பழத்தில் சரியாகிற விஷயம் இல்லை.

விஷயத்துக்கு வராமல் சுற்றுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த பழக்கம் அது. வண்டி வரவே வராது என்று தெரிந்தாலும் என் போர்டில் 'ரத்து' என்று நான் எழுத மாட்டேன், 'தாமதம்' என்றுதான் எழுதுவேன். ரத்து என்றால் ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும், தாமதம் என்றால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்காருவார்கள். இருந்தாலும் இந்தத் தடவை சொல்லித்தான் ஆக வேண்டும். வியாழக்கிழமை நாங்கள் அனுப்பிய விரால் மீன் குழம்பில் ஒரு கரித்துண்டு கிடந்ததா? கிடந்தது என்றால் அது இப்போது எங்கே இருக்கிறது? வயிற்றில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் சம்பந்தி.

தங்களுக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஏற்கெனவே ஒத்துப்போனதில்லை. கல்யாணத்தன்று ராத்திரி தங்களுக்கு வயிறு கெட்டதற்கு எங்கள் பந்தியில் போட்ட கேசரிதான் காரணம் என்று தாங்களும், வெயிலில் நின்று தாங்கள் குடித்த கரும்புச் சாறுதான் காரணம் என்று சம்பூர்ணமும் இன்றுவரை நம்புகிறீர்கள். நான் ரெண்டு பக்கமும் தலையாட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கேசரியை மனசில் வைத்துக்கொண்டுதானே, வினோதினியைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டபோது, "எங்க வூட்லயே பாத்துக்குறமே" என்று இழுத்தீர்கள். நான் நடையாய் நடந்து, சம்பந்தியம்மா எங்களுக்காக நாலு வார்த்தை பேசி, வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துப் போங்கள் என்று ஒருவழியாகச் சம்மதித்தீர்கள். அப்படிப்பட்ட தாங்கள் போன வாரம் வினோதினியிடம், "உங்கம்மா வைக்கிற விரால் கொழம்பு சாப்புடணும்போல இருக்கு, கேட்டுப் பாரேன்" என்று சொன்னீர்களாம். இந்தச் சேதி வந்த நாளிலிருந்து சம்பூர்ணம் வீட்டுக்குள் நடக்கிற நடையே வேறு. தேர்தலில் ஜெயித்தவர்கள்கூட அப்படி நடக்க மாட்டார்கள்.

குழம்பில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஏரியில் பிடித்த மீன்தான் வேண்டும் என்று நான் வலைபோடுகிறவர்கள் பின்னாலேயே திரிந்து, துடிக்கத் துடிக்க வாங்கிவந்தேன். பழம் புளி, செக்கு நல்லெண்ணெய், மண்சட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் போர் தண்ணி. அந்தத் தண்ணியின் அருமையைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒரு சொம்பு குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்து, "இந்தத் தண்ணிக்காவே இந்த வூட்ல பொண்ணு எடுக்கலாம்" என்று சொன்னீர்கள். அந்த வார்த்தையை நான் இதுவரைக்கும் சொல்லாத ஆள் இந்த ஊரில் கிடையாது.

குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றியாகிவிட்டது. தங்கள் ஊர் ஆண்டிமடத்துக்கு முந்திரி ஏற்றப் போகிற இளவரசன் லோடு வண்டியோடு வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். அந்த நேரத்தில் சம்பூர்ணத்துக்கு ஒரு விசாரம் வந்துவிட்டது. கவிச்சிப் பண்டம், அவ்வளவு தூரம் போகிறது, வழியில் ரெண்டு சுடுகாடு, கரித்துண்டு போடாமல் எப்படி அனுப்புவது, காத்து கருப்பு பின்னாலேயே வந்துவிடாதா. இதில் அவளை நான் குறை சொல்ல முடியாது. பொங்கலுக்குத் தங்கள் வீட்டிலிருந்து வந்த ஆட்டுக்கறியிலும் ஒரு கரித்துண்டும் வேப்பிலையும் இருந்தன. ஆனால் தங்கள் வீட்டில் முந்திரி விறகு எரிகிறது, கரிக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு வந்த பிறகு மருந்துக்குக்கூடக் கரி கிடையாது. அவள் என்ன செய்தாள் என்றால், நேரே கொல்லைக்குப் போய், மோட்டார் கொட்டகையில் மூட்டையாக அடுக்கியிருந்த கரியில் ஒரு துண்டை எடுத்துவந்தாள். மூடிமேல் வைத்தால் வண்டி ஆட்டத்தில் விழுந்துவிடும் என்று குழம்புக்குள்ளேயே போட்டு மூடி அனுப்பிவிட்டாள். இதை என்னிடம் அவள் சொன்னது இன்று காலையில், காப்பியைக் கையில் கொடுத்துக்கொண்டே, ஏதோ மோரில் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டதைச் சொல்வதுபோல.

கரிக்கு இவ்வளவு பயமா என்று தாங்கள் கேட்பீர்கள். அது சாதாரணக் கரி இல்லை சம்பந்தி. எங்கள் கொல்லைக்குக் கிழக்கே கல் எடுத்து முடித்த சுரங்கக் குழி ஒன்று தண்ணி நின்று கிடக்கிறதே, பார்க்க நீலமாக, மாப்பிள்ளைகூட அதன் கரையில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டாரே, அந்தக் குழியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். பூங்குழலி என்று ஒரு பெண், ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறது, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு அந்தக் குழித் தண்ணியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தது. நான் போய், "ஏம்மா, குடிக்கத் தண்ணி வேணும்னா வூட்டுக்கு வா" என்றேன். அது சிரித்துவிட்டு, "இதுல ஈயமும் காட்மியமும் கலந்திருக்குங்கய்யா, இதைக் குடிச்சா அவ்வளவுதான்" என்றது. மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கினால், அந்தக் கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஓட்டையாக இருக்குமாம், அதில் இந்தத் தண்ணியை வடித்தால் விஷ உலோகமெல்லாம் கரியில் ஒட்டிக்கொண்டு தண்ணி மட்டும் சுத்தமாக இறங்குமாம். உயிர்க்கரி என்று பேர். நம் கொல்லையில் எரித்துத் தொலைக்கிற குப்பைக்கு இப்படி ஒரு யோகமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். மோட்டார் கொட்டகையைத் திறந்துவிட்டேன். மக்காச்சோளக் கட்டை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள் என்றேன். ஆக, இந்த விஷத்துக்கு இடம் கொடுத்து வாடகையும் வாங்காதவன் நான்தான்.

முதல் தடவை தார் டிரம்மில் கட்டையைப் போட்டுக் கொளுத்தியபோது மூடி சரியாக மூடாமல் கரிக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சியது. சம்பூர்ணம் அதில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஆராய்ச்சி நன்றாக இருக்கிறது என்றாள். ரெண்டாம் தடவை மூடியை இறுக்கியதில் எழுந்த புகையைப் பார்த்து, அடுத்த கொல்லை அசோக் தன் வைக்கோல்போர்தான் எரிகிறது என்று குடத்தோடு ஓடிவந்து டிரம் மேல் தண்ணியைக் கொட்ட, அது சீறிய சீறலில் என் வேட்டி கிழக்கேயும் நான் மேற்கேயும் ஓடினோம். மூன்றாம் தடவைதான் கரி வந்தது. கட்டை எப்படி இருந்ததோ அதே உருவத்தில், மணி உதிர்ந்த குழிகூட மாறாமல், எடுத்துத் தட்டினால் கண்ணாடி மாதிரி கிணுகிணு என்று சத்தம் கேட்கும். அதில் ஒரு மூட்டையைத் தொடாமல் வைத்துவிட்டு, இன்னொரு மூட்டையைக் குழித் தண்ணி வடிக்க எடுத்துக்கொண்டது அந்தப் பெண். வடித்து முடித்து, விஷம் குடித்த கரியைக் காயவைத்து, அந்த மூட்டையிலேயே கட்டி, மேலே சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு, "அய்யா, இதை அடுப்புல போட்டுடாதீங்க, எருக்குழியில கொட்டிடாதீங்க, ஆடு மாடு வாய் வைக்காம பாத்துக்குங்க, நானே வந்து எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. குழம்பில் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு யோசனை யாருக்குத்தான் வரும்.

அன்றிலிருந்து எனக்கு அந்த மூட்டையைக் கண்டாலே பயம். மோட்டார் போடப் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், சுவிட்சைத் தட்டிவிட்டு வெளியே வந்துதான் மூச்சு விடுவேன். அந்தச் சிவப்புக் குறி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்ததால், ஒருநாள் நீளமான குச்சியால் மூட்டையைத் தள்ளி, குறி சுவர்ப் பக்கம் போகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டேன். பயத்தில் நான் செய்த அந்தக் காரியம்தான் இப்போது கழுத்தை நெரிக்கிறது. குறி கண்ணில் படாததால் சம்பூர்ணத்துக்கு ரெண்டு மூட்டையும் ஒன்றுதான். காலையிலிருந்து அவளைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறேன்.

"எந்த மூட்டையில எடுத்த?"

"கரி மூட்டையில."

"ரெண்டும் கரி மூட்டைதான். வடக்கால இருந்ததா, தெக்கால இருந்ததா?"

"வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் தெசை பாத்துக்கிட்டு நிப்பனா? கைக்கு எட்டுனத எடுத்தேன். கரி கறுப்பாத்தான இருக்கும், அதுல என்னங்க நல்லது கெட்டது?"

நானே போய்ப் பார்க்கலாம் என்று கொட்டகை வாசல்வரை போனேன். உள்ளே எட்டிப் பார்த்தால் ரெண்டு மூட்டையும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். பூங்குழலிக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது. தண்ணியைச் சோதித்த முடிவு வாங்க அது இன்றைக்குத் திருச்சிக்குப் போயிருக்கிறது, சாயங்காலம்தான் திரும்பும். குழித் தண்ணியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாட்டில் நல்ல தண்ணி வேண்டும் என்று அது கேட்க, எங்கள் போர் தண்ணியை நானே பெருமையாகப் பிடித்துக் கொடுத்தேன். பாட்டில் மேல் 'நல்ல தண்ணீர்' என்று அது எழுதி ஒட்டியதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பெருமையெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது.

இந்த நேரம் பார்த்து வினோதினி போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "அப்பா, கொழம்பு சூப்பராம், மாமா யாருக்கும் குடுக்காம அவரே வச்சு சாப்புடுறாரு" என்றாள். நீ சாப்பிட்டாயா என்றேன். மீன் வாசனையே ஒத்துக்கொள்ளவில்லையாம், கிட்டேயே போகவில்லையாம். எங்கள் குலதெய்வத்துக்கு அங்கேயே நின்று கும்பிடு போட்டேன். ஆனால் அடுத்த நிமிஷமே, அப்படியானால் எல்லாவற்றையும் தாங்கள் ஒருவரே சாப்பிட்டிருக்கிறீர்களே என்று உறைத்தது. மாமா எப்படி இருக்கிறார் என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரு, நேத்து கொஞ்சம் நேரம் கழிச்சு எழுந்திரிச்சாரு, பால்காரரோட சண்டையே போடல, கொழம்புல ஏதோ தனி ருசி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றாள். சம்பந்தி, பால்காரரோடு தாங்கள் சண்டை போடாத ஒரு நாளை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தத் தனி ருசி எதனுடைய ருசி என்று நினைக்க நினைக்க எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. மேற்கொண்டு கேட்டால் அவள் பயந்துவிடுவாள், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று போனை வைத்துவிட்டேன்.

இதில் புளி வேறு. கரியில் ஒட்டியது சும்மா தண்ணியில் லேசில் வராது, ஆனால் புளிப்பான எதிலாவது ஊறினால் கழன்று வந்துவிடும் என்று அந்தப் பெண் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னது. அன்றைக்கு அதை ஏன் காதில் வாங்கினேன் என்று இருக்கிறது. கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாக இருந்திருப்பேன். சம்பூர்ணம் அன்றைக்குப் போட்டது ஒரு எலுமிச்சை அளவு புளி இல்லை, தங்களுக்குப் புளிப்பு பிடிக்கும் என்று ரெண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறாள். போதாததற்குத் தாங்கள் மீன் குழம்பை மூன்று நாள் வைத்துச் சுண்டவைத்துச் சாப்பிடுகிறவர். கரி விரால் மீனின் நடுத்துண்டு அளவு இருக்குமாம். கண்ணில் புரை விழுந்த பிறகு தங்களுக்குக் கறுப்பெல்லாம் கத்தரிக்காயாகத் தெரிகிறது என்று சம்பந்தியம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழம்பில் கத்தரிக்காய் போடவே இல்லை சம்பந்தி. கத்தரிக்காய் மாதிரி ஏதாவது கடித்த ஞாபகம் இருந்தால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கடிக்கவில்லை என்றால், இதைப் படித்து முடித்த உடனே சட்டியில் மிச்சமிருக்கிற குழம்பைத் தொடாதீர்கள். கரித்துண்டை இடுக்கியால் எடுத்து, ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, ஆடு கோழி அண்டாத இடத்தில் வையுங்கள். முந்திரி மரத்தடியில் வீசிவிடாதீர்கள், சம்பந்தியம்மாவிடம் கொடுத்துப் பல் விளக்க வைத்துக்கொள் என்றும் சொல்லிவிடாதீர்கள். குழம்பைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம், பூனைக்கும் வைக்க வேண்டாம். எங்கே கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, பூங்குழலி வந்ததும் கேட்டுச் சொல்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சம்பூர்ணம் மறுபடி ஒரு காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எழுதுறது எழுதுறீங்க, கரித்துண்டு போட்டதாலதான் கொழம்பு பத்திரமா போய்ச் சேந்துதுன்னு ஒரு வரி எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். காப்பியையும் குடித்துவிட்டேன். இன்று நாலாவது காப்பி, பயத்துக்கு வேறு என்ன செய்வது.

கடைசியாக ஒன்றே ஒன்று. என்மேல் கோபப்படுங்கள், சம்பூர்ணத்தின்மேல் கோபப்படுங்கள், கேசரிக்கும் சேர்த்து வேண்டுமானாலும் கோபப்படுங்கள். ஆனால் இதை வைத்து வினோதினியை எங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, தொட்டில் மாட்ட உத்தரத்தில் கொக்கிகூட மாட்டியாகிவிட்டது. முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வரவில்லை என்றால் சம்பூர்ணம் வெளியில் தலை காட்ட மாட்டாள். வெளியில் என்ன, நானே அழுதுவிடுவேன். வெள்ளிக்கிழமை நாங்கள் வண்டியோடு வருகிறோம், பெண்ணைக் கண்ணியமாக அனுப்பி வையுங்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வராது, அதற்கு நான் பொறுப்பு.

தாங்கள் நூறாண்டு வாழ்ந்து, பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பால்காரரோடு தினமும் சண்டை போட வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி, வினோதினிக்கு முத்தம். அவளிடம் இதைக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வயிறு நன்றாக இருக்க வேண்டும் என்று நடுங்கிக்கொண்டிருக்கும்
அய்யாக்கண்ணு.

பின்குறிப்பு: இதைக் கொண்டுவர வேண்டிய இளவரசன் வண்டி பஞ்சராகி நின்றதால் கடிதம் சாயங்காலம்வரை என் சட்டைப் பையிலேயே இருந்தது. இதற்குள் பூங்குழலி வந்துவிட்டது. நான் பாதி சொல்வதற்குள் கொட்டகைக்குள் போய், சிவப்புக் குறி மூட்டையைத் திருப்பி, வாயில் அது போட்ட கம்பிக் கட்டைக் காட்டி, "இதை யாரும் தொடவே இல்லைங்கய்யா, அம்மா எடுத்தது புதுக் கரிதான்" என்றது. எனக்கு உயிர் வந்தது. சம்பூர்ணம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, சும்மா நலம் விசாரித்து ரெண்டு வரி எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் சம்பூர்ணம் அந்தப் பெண்ணுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அது வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றது, குடிக்கவில்லை.

"இது எந்தத் தண்ணிம்மா?"

"நம்ம போர் தண்ணிதான் கண்ணு. வெயில்ல வந்துருக்க, குடி."

அது சொம்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டது. பையிலிருந்து காகிதத்தை எடுத்தது. "ஒப்பிட்டுப் பாக்க நல்ல தண்ணின்னு எடுத்துட்டுப் போனேங்கய்யா. குழித் தண்ணிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. குழியிலேருந்து ஊறி வந்திருக்கும்போல. இன்னொருவாட்டி பாத்துத்தான் உறுதியா சொல்ல முடியும். ஒரு நேரம் ரெண்டு நேரம் சாப்பிட்டவங்களுக்குப் பயம் இல்ல. நாள் கணக்கா குடிக்கிறவங்களுக்குத்தான். வயித்துப் புள்ளக்காரங்க மட்டும் தொடவே கூடாது" என்றது. நான் காலையிலிருந்து குடித்த காப்பி ஞாபகம் வந்தது. பிறகு வினோதினி இந்தத் தண்ணியைக் குடித்துத்தானே வளர்ந்தாள் என்பது ஞாபகம் வந்தது. இதற்கு முன்னால் எழுதிய பயமெல்லாம் பயமே இல்லை சம்பந்தி.

ஆகவே தங்களைப் பற்றிக் கவலை இல்லை. குழம்பில் சுத்தமான சாமான் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கரித்துண்டுதான், எடுத்து வைத்திருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள். ஒரு துண்டால் ஒரு சட்டிக் குழம்பு சுத்தமாகாது என்று அந்தப் பெண் சொல்கிறது, இருந்தாலும் போடுங்கள். நானும் என் சொம்பில் ஒன்று போட்டுக்கொண்டேன். வீட்டுத் தண்ணிக்குக் கரித் தொட்டி கட்டித் தருகிறேன் என்று பூங்குழலி சொல்லியிருக்கிறது, நாளைக்கே கட்டை சுடப் போகிறோம், இந்தத் தடவை அசோக்கையும் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

அனுப்புங்கள் என்று மேலே கெஞ்சியது நான்தான். இப்போது அனுப்பாதீர்கள் என்று கெஞ்சுவதும் நான்தான். வெள்ளிக்கிழமை வந்து வளையல் போட்டுவிட்டு நாங்கள் ரெண்டு பேர் மட்டும் திரும்பிவிடுகிறோம். வினோதினி அங்கேயே இருக்கட்டும், தங்கள் வீட்டுத் தண்ணியையே குடிக்கட்டும். ஊர் கேட்டால் தாங்கள்தான் அனுப்ப மாட்டேன் என்றீர்கள் என்று சொல்லிக்கொள்கிறேன், அந்தப் பழியை எனக்காக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்பா ஏன் அழைத்துப் போகவில்லை என்று அவள் கேட்பாள். ரத்து என்று சொல்லிவிடாதீர்கள் சம்பந்தி. தாமதம் என்று சொல்லுங்கள்.